பரலுக்குள் ஒரு கிணறு

மர்ளியாவின் கிணறு உப்பு என்பது அந்தச் சிறு தெருவில், அந்த ஒழுங்கையில், எல்லோருக்கும் தெரியும். ஆட்டுக்கும் தெரியும், வாளியை முகர்ந்துவிட்டு அப்பால் போகும். தெரியாமல் இருந்தது அதிகாரசபைக்கு மட்டும்தான். தெரிந்துகொள்வதற்காக அது வெளிநாட்டு உதவியில் கருவிகள் வாங்கியது.

முழுப்பெயர், கரையோர நிலத்தடிநீர்த் தொலைக்கண்காணிப்பு அதிகாரசபை. புத்தளம் நகரத்தில் அதற்கு ஒரு மாடிக் கட்டடம் இருந்தது. பெயர்ப்பலகை நீளமாகப் போனதால் யன்னல்களை மூடிவிட்டது. உள்ளே பகலிலும் விளக்கு எரிந்தது. சுவர் நிறையத் திரைகள். கற்பிட்டியிலிருந்து முந்தல் வரை கரை முழுவதும் அந்தத் திரைகளில் சிறு வட்டங்களாக மின்னியது. ஒவ்வொரு வட்டமும் ஒரு கிணறு. நல்ல தண்ணீர் என்றால் பச்சை, உப்பு என்றால் சிவப்பு. கிணற்றுக்குள் தொங்கும் கருவி கம்பியில்லாமல் செய்தி அனுப்பும். பள்ளிவாசல் மினாரத்தில் பூட்டிய பெட்டி அதை வாங்கி அந்த மாடிக் கட்டடத்துக் கந்தோருக்குக் கொடுக்கும். இடையில் மனிதர் எவரும் இல்லை. அதுதான் திட்டத்தின் பெருமை என்று துண்டுப்பிரசுரத்தில் அச்சடித்திருந்தார்கள்.

மர்ளியாவின் வீடு கரைத்தீவுப் பக்கம், உப்புக் கடல்நீர் தேங்கும் களப்பின் ஓரம். மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்கள் முகாமாக இறங்கி, பிறகு கல்வைத்துக் கட்டிக்கொண்ட ஒழுங்கை. அங்கே கிணறுகள் பல இருந்தன. அதிகாரசபை மர்ளியாவின் கிணற்றைத் தெரிவு செய்தது. தண்ணீரைப் பார்த்து அல்ல, சிக்னலைப் பார்த்து. அன்றிலிருந்து அது கிணறு இல்லை. அதிகாரசபைப் பாஷையில் ஏழாம் கணு. மர்ளியா கணுக் காப்பாளர். அவளுக்கு ஒரு மஞ்சள் மேலங்கியும் ஒரு தொப்பியும் கொடுத்தார்கள். தொப்பியை முக்காட்டுக்கு மேல் போடுவதா கீழ் போடுவதா என்று அறிவுறுத்தலில் இல்லை.

கருவி பூட்ட வந்தவன் அனுசன். முல்லைத்தீவிலிருந்து சண்டைக் காலத்தில் வந்து புத்தளத்தில் தங்கிவிட்ட குடும்பம். தொழில்நுட்ப உத்தியோகத்தர் என்று கழுத்து அட்டையில் இருந்தது.

"கிணறு உப்பெண்டு நானே சொல்றன், தம்பி. அதுக்கு என்னத்துக்கு மெஷின்?" என்று மர்ளியா கேட்டாள்.

"நீங்கள் சொல்றதை நாங்கள் பதியேலாது, அக்கா. மெஷின் சொன்னால்தான் பதிவு."

"மெஷின் சொன்னா?"

"சிவப்பு விழும். சிவப்பு விழுந்த ஊருக்குக் குழாய்த் தண்ணி முதலில வரும்."

மர்ளியாவுக்கு அது போதும். உப்புக் கிணற்றை வைத்திருந்ததற்கு முதன்முறையாக ஒரு பலன். குழாய் வரும்வரை பிரதேச சபையின் தண்ணீர் வண்டி, பவுசர், வந்து தெருமுனையில் நின்று கேன்களை நிரப்பிவிட்டுப் போகும். அந்தத் தண்ணீரில்தான் ஒழுங்கை குடித்தது, உலை வைத்தது. முக்கியமாக, பக்கத்து வீட்டு முஹ்ஸின் அந்தத் தண்ணீரை நம்பித்தான் இருந்தார். அவருக்குச் சிறுநீரகம் பழுது. உப்புத் தண்ணீரை நாக்கில் வைக்கக்கூடாது என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். அவருடைய மனைவி மபாஸா பவுசர்க் கேனைக் குழந்தையைப் போல இடுப்பில் கொண்டுவருவாள்.

திறப்பு விழாவுக்குக் கொழும்பிலிருந்து அதிகாரசபைத் தலைவர் வருவதாக நாள் குறித்தார்கள்.

அன்று காலை அனுசன் கருவியைக் கிணற்றுக்குள் இறக்கினான். கேபிள் முடிந்தது. தண்ணீர் இன்னும் கீழே இருந்தது. கருவி நடுவில் தொங்கி ஆடியது. அனுசன் கிணற்றை எட்டிப் பார்த்தான். பிறகு கேபிளைப் பார்த்தான். கேபிளின் நீளத்தைக் கொழும்பில் தீர்மானித்திருந்தார்கள். கிணற்றின் ஆழத்தை யாரும் தீர்மானிக்கவில்லை.

"அக்கா, ஒரு பரல் இருக்கோ?"

நீலப் பரல் ஒன்று, தண்ணீர் பிடிக்கும் பிளாஸ்டிக் பீப்பாய், இருந்தது. அதைக் கிணற்றுக் கட்டின் அருகே நிறுத்தி, கருவியை அதற்குள் விட்டான்.

"கிணத்துத் தண்ணியால நிரப்பி விடுங்கோ. இண்டைக்கு மட்டும்தான். நான் றோட்டுக்குப் போய் வாகனங்களைக் கூட்டிக்கொண்டு வாறன்."

அவன் போன பிறகு கந்தோரிலிருந்து ஒருவர் வந்தார். மாலைகளை எண்ணினார், கதிரைகளுக்கு உறை போட்டார். போகும்போது சொன்னார்: "தலைவர் கிணற்று நீரைச் சுவைப்பார். படம் எடுக்கப்படும். கண்ணாடிக் கிளாஸ் இருந்தால் நல்லது."

மர்ளியா வாளியைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

அந்த ஒழுங்கையில் வந்தவருக்கு யாரும் உப்புத் தண்ணீர் கொடுத்ததில்லை. முகாமில் இருந்த நாளிலேயே கொடுக்கவில்லை. தாங்கள் உப்பைக் குடித்துக்கொண்டு, வந்த அதிகாரிக்கும் அரிசி கொண்டுவந்த தொண்டு நிறுவனத்துக்கும் நல்ல தண்ணீர் கொடுத்தார்கள். அவர்களும் குடித்துவிட்டு, இங்கே தண்ணீர் பரவாயில்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள். அதைப் பற்றி ஒழுங்கைக்கு வருத்தம் இருந்தது. ஆனாலும் பழக்கம் மாறவில்லை. இல்லாத வீடு என்று பெயர் எடுக்கலாம். வந்தவருடைய முகத்தைச் சுளிக்க வைத்த வீடு என்று பெயர் எடுக்க முடியாது.

மர்ளியா வாளியை வைத்துவிட்டுத் தன் பவுசர்க் கேன்களைத் தூக்கிப் பரலில் ஊற்றினாள். கருவியின் தலை நனையவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவேலியில் ஆள் நுழையும் இடைவெளி ஒன்று இருந்தது; அந்தக் கடவால் மபாஸா வீட்டுக்குப் போனாள்.

"மபாஸா, ஷர்பத் கரைக்கோணும். தண்ணி காணாது."

"எத்தின பேர் ராத்தா?"

"பெரிய ஆக்கள் எல்லாம் வாறாங்க."

மபாஸா உள்ளே போய் நிறைந்த கேனைக் கொண்டுவந்தாள். "எடுங்க. எங்கட ஊருக்கு வாற ஆக்கள்தானே."

அந்தக் கேனும் பரலுக்குள் போனது. அவர்கள் போனதும் இதைக் கவிழ்த்துவிட்டுக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிவிடலாம், சிவப்பு விழுந்துவிடும் என்று மர்ளியா நினைத்தாள். ஒரு மிடறுக்கான ஏற்பாடுதானே.

தலைவர் வந்தார். கிணற்றைச் சுற்றிக் கட்டியிருந்த நாடாவை வெட்டினார். பொத்தானை அழுத்தினார். கையடக்கத் திரையில் ஒரு வட்டம் பச்சையாக மலர்ந்தது. கந்தோர்க்காரர்கள் கை தட்டினார்கள். அவர்கள் தட்டியதால் ஒழுங்கையும் தட்டியது. மர்ளியாவின் கணவன் ஹிஸ்புல்லா மட்டும் தட்டவில்லை. அவன் உப்பளத்தில் வேலை செய்பவன். பச்சை வட்டத்தைப் பார்த்தான், பிறகு மர்ளியாவைப் பார்த்தான்.

தலைவர் கிளாஸைப் பரலில் தோய்த்து எடுத்துக் குடித்தார். சிங்களத்தில் இரண்டு சொல் சொன்னார். பக்கத்தில் நின்ற பணிப்பாளர் பரமநாதன் அதைத் தமிழில் தந்தார்.

"தலைவர் என்ன சொல்கிறார் என்றால், இந்த மண்ணின் இனிமையைத் தாம் உணர்ந்துவிட்டதாகச் சொல்கிறார். முன்பு ஒரு கிணற்றின் நிலையை அறிய வேண்டுமானால் ஓர் அதிகாரி நேரில் வர வேண்டியிருந்தது. வெயிலில் நிற்க வேண்டியிருந்தது. மக்கள் சொல்வதைக் கேட்க வேண்டியிருந்தது. இந்தத் துன்பங்கள் அனைத்தையும் இந்தச் சிறிய கருவி இன்றோடு ஒழித்துவிட்டது. இனி நாங்கள் உங்களிடம் வரமாட்டோம். அதை நாங்கள் உறுதியாகக் கூறுகிறோம்."

மறுபடியும் கை தட்டினார்கள்.

வாகனங்கள் போன புழுதி அடங்குமுன் மர்ளியா பரலைச் சாய்க்கப் போனாள். அனுசன் ஓடிவந்தான்.

"தொடாதேங்கோ அக்கா! முதல் அளவீடு ஹெட் ஒபிஸுக்குப் போயிட்டுது. தலைவரே குடிச்சிட்டார். கேபிள் நீட்டுறவரைக்கும் அப்படியே இருக்கட்டும்."

"எப்ப நீட்டுவீங்க?"

"நீட்டுறதெண்டால் புது டெண்டர் போடோணும். ஆனால் மாரி வந்தால் கிணறு மேல ஏறி வந்து கேபிளைத் தொடும்தானே எண்டு மேலிடத்தில சொல்லிப்போட்டினம். அதால டெண்டர் தேவையில்லையாம்."

அந்த இடத்தில் மர்ளியா சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தாள். எங்கள் தண்ணீர் விருந்தாளிக்குக் கொடுக்கக் கூடியது அல்ல என்று, விருந்தாளி குடித்துவிட்டு ஏப்பம் விட்ட பிறகு எப்படிச் சொல்வது? வாயை மூடினாள்.

அடுத்த வாரம் பவுசர் வரவில்லை.

கேன்களோடு தெருமுனையில் நின்ற பெண்கள் வெயில் ஏறும்வரை நின்றார்கள். ஹிஸ்புல்லா சைக்கிளில் போய்ப் பிரதேச சபையில் விசாரித்துக்கொண்டு வந்தான். அங்கேயும் இப்போது ஒரு திரை வைத்திருந்தார்களாம். பச்சை விழுந்த ஊருக்குப் பவுசர் தானாக வெட்டுப்படுமாம். வெட்டியது யார் என்று கேட்டான். யாரும் வெட்டவில்லை, வெட்டுப்பட்டது என்றார்கள்.

"மெஷின் பிழை காட்டுது போல," என்றாள் மபாஸா. "எல்லாரும் சேர்ந்து ஒரு பெட்டிஷன் போடுவமா ராத்தா?"

"போடுவம்," என்றாள் மர்ளியா. கண் பரலைப் பார்த்தது.

மபாஸா கிணற்றுத் தண்ணீரைத் துணியில் வடித்துக் காய்ச்சத் தொடங்கினாள். காய்ச்சினால் கிருமி போகும். உப்பு போகாது, காய்ச்சக் காய்ச்சக் கூடும். அது மபாஸாவுக்குத் தெரியும். ஆனாலும் காய்ச்சினாள். எதையாவது செய்ய வேண்டுமே. நல்ல தண்ணீருக்குத் தூரத்தில் இருந்த சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போக வேண்டும். ஹிஸ்புல்லா சைக்கிளில் கொண்டுவருவதில் ஒரு கேன் முஹ்ஸினுக்குப் போகும். அது பாதி நாளுக்கும் காணாது. முஹ்ஸினின் கால்கள் வீங்கத் தொடங்கின. வேலிக்கு அப்பால் அடுப்பு புகையும்போதெல்லாம் மர்ளியா உள்ளே போய்விடுவாள்.

ஒருநாள் காலை அவள் துணிந்தாள். பரலைக் கவிழ்த்தாள். கிணற்றில் அள்ளி நிறைய ஊற்றினாள். வட்டம் சிவக்கட்டும் என்று காத்திருந்தாள்.

மதியத்துக்குள் மூன்று வாகனங்கள் வந்தன. இறங்கியவர்கள் கையுறை போட்டிருந்தார்கள். ஒருவரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. கருவியிடம் கேட்டார்கள். அதைத் துடைத்தார்கள், தட்டினார்கள், மடிக்கணினியில் கொளுவினார்கள்.

"ஒரு கிணறு ஒரே காலையில் உப்பாகாது," என்றார் மூத்தவர். "விஞ்ஞானம் அதற்கு இடம் கொடுக்காது. ஆகவே உப்பானது கிணறு அல்ல. கருவிக்குச் சுகமில்லை."

கருவிக்கு வைத்தியம் செய்தார்கள். பரலைக் கழுவினார்கள். வாகனத்திலிருந்து குடிநீர்ப் போத்தல் பெட்டிகளை இறக்கி, ஒவ்வொரு மூடியாகத் திருகித் திறந்து பரலுக்குள் ஊற்றினார்கள். முதல் அளவீட்டுக்குத் திரும்பக் கொண்டுவரும்வரை ஊற்றினார்கள். இதற்கு மீள்நிலைப்படுத்தல் என்று பெயர். வேலியோரம் நின்ற மபாஸா போத்தல்கள் ஒவ்வொன்றாக வெறுமையாவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அனுசன் கடைசியாகப் பின்தங்கினான்.

"அக்கா, எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"விழாவுக்கு முதல்நாள் உங்கட கிணத்திலதான் வாய் கொப்புளிச்சனான். பச்சை விழுந்த உடனேயே விளங்கிட்டுது."

"அப்ப ஏன் வாய் பொத்திக்கொண்டு நிண்ட?"

"நான் கொந்தராத்து ஆள் அக்கா. வருசக் கடைசியில புதுப்பிக்கோணும்." அவன் பரலைப் பார்த்துச் சொன்னான். "நீங்கள் ஏன் நிண்டனீங்கள்?"

மர்ளியாவும் பரலைப் பார்த்தாள். பரல் பளபளப்பாக இருந்தது. இருவருக்கும் பார்க்க வேறு இடம் இருக்கவில்லை.

பிறகு அவள் ஹிஸ்புல்லாவிடம் சொன்னாள். அவன் ஏசவில்லை. "எனக்கு அண்டைக்கே யோசினை. வா, கந்தோருக்குப் போவம்," என்றான். ஏசியிருந்தால் நன்றாயிருக்கும் போலிருந்தது அவளுக்கு.

பணிப்பாளர் பரமநாதன் அவர்களை அன்போடு வரவேற்றார். கணுக் காப்பாளர் ஒருவரைத் தாம் நேரில் சந்திப்பது இதுதான் முதல் தடவை என்றார். சுவருக்குக் கூட்டிப்போய் ஒரு பச்சை வட்டத்தைத் தொட்டுக் காட்டினார்.

"நீங்கள் இங்கேதான் வசிக்கிறீர்கள்."

மர்ளியா வட்டத்தைப் பார்த்தாள். அதில் மபாஸாவின் அடுப்பு தெரியவில்லை.

"சேர், அந்தத் தண்ணி கிணத்துத் தண்ணி இல்ல. பவுசர்த் தண்ணி. நான்தான் ஊத்தினன்."

"எப்போது ஊற்றினீர்கள்?"

"திறப்பு விழாவண்டைக்கு. தலைவர் குடிப்பார் எண்டு சொன்னாங்க. வெக்கமாப் போச்சு."

"அதை எத்தனை தடவை சொல்லியிருக்கிறீர்கள்?"

"இப்பதான் சேர். ஒரு தரம்."

பரமநாதன் வருத்தத்தோடு சிரித்தார். "கருவி அன்றிலிருந்து இடைவிடாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறது அம்மா. இரவில் நீங்கள் தூங்குகிறீர்கள், அது தூங்குவதில்லை. நான் யாரை நம்புவது?"

"சேர், ஒருக்கா வந்து கிணத்தில அள்ளிக் குடிச்சுப் பாருங்களேன்," என்றான் ஹிஸ்புல்லா.

"நாக்கை நம்பிய காலம் முடிந்துவிட்டது."

"தலைவர் நாக்காலதானே குடிச்சவர்?"

"தலைவரின் நாக்கு," என்றார் பரமநாதன், "கருவியோடு ஒத்துப்போன நாக்கு." சற்று நிறுத்தினார். "சரி, நீங்கள் சொல்வதே உண்மை என்று வைப்போம். அப்படியானால் ஒரு தலைவருக்குக் கிணற்று நீர் என்று வேறு நீரைக் கொடுத்திருக்கிறீர்கள். திட்டம் முழுவதும் அந்த மிடறில்தான் ஆரம்பித்தது. மற்ற கணுக்களின் பச்சையையும் மக்கள் சந்தேகிப்பார்கள். நாங்கள் நேரில் போய்ப் பார்க்க வேண்டி வரும். ஒவ்வொரு கிணறாக. வெயிலில்." அவருடைய குரல் உண்மையாகவே நடுங்கியது. "நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை அம்மா. முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது."

மேசை லாச்சியிலிருந்து கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு சான்றிதழை எடுத்தார். சிறந்த கணுக் காப்பாளர். பெயர் எழுதும் இடம் வெறுமையாக இருந்தது. அங்கேயே எழுதிக் கொடுத்தார். ஒருவர் வந்து படம் எடுத்தார்.

பஸ்ஸில் மர்ளியா அதை மடியில் குப்புற வைத்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும் அலுமாரிக்குப் பின்னால் செருகினாள். கடவால் மபாஸா எட்டிப் பார்த்தாள்.

"கந்தோரில என்ன சொன்னாங்க ராத்தா?"

"பாப்பம் எண்டாங்க."

"அல்லா உங்களுக்கு நல்லது செய்யோணும். எங்களுக்காக அலையிறீங்க."

மர்ளியா அன்று சோறு தின்னவில்லை.

கோடை முற்றியது. களப்பு பின்வாங்கியது. பரலும் வற்றியது. காகம் குடித்தது, ஆடு குடித்தது. அந்தத் தண்ணீரை ஆடு முகர்ந்துவிட்டுப் போகவில்லை. கருவி நீர்மட்டத்தையும் அளப்பது. ஏழாம் கணுவில் நிலத்தடிநீர் அபாயகரமாக வீழ்ச்சி என்று திரை அலறியது. அதிகாரசபை கூடியது. ஓர் இனிய நீரூற்றைக் காப்பாற்ற வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது.

அடுத்த நாள் பவுசர் வந்தது.

ஒழுங்கையே கேன்களோடு வெளியே வந்தது. பவுசர் தெருமுனையில் நிற்கவில்லை. நேரே மர்ளியாவின் வளவுக்குள் வந்தது. சாரதி றஸ்மி இறங்கிக் குழாயை இழுத்தான்.

"வரிசை வேணாம் உம்மா. இது உங்களுக்கு இல்ல."

"ஆருக்கு?" என்று கேட்டாள் சிபானா. கடைசி வீட்டுக்காரி, வாய்க்காரி.

"கிணத்துக்கு."

"கிணறு அங்க இரிக்கு. நீ பரலுக்க விடுற."

"இவங்கட கணக்கில பரல்தான் கிணறு."

"அப்ப நாங்களும் பரலுக்க இறங்கி நிக்கட்டா? தலையில ஒரு வயரையும் கொளுவிவிட்டா எங்களுக்கும் ஊத்துவீங்க, என்ன?"

பரல் நிரம்பியது. குழாயில் தண்ணீர் தானாக நின்றது. பவுசரின் வயிறு இன்னும் கனமாகக் குலுங்கியது. மபாஸா கேனோடு முன்னால் வந்தாள்.

"தம்பி, ஒரு கேன் மட்டும். எங்கட மனிசனுக்கு."

"அல்லாவாண எனக்குத் திறக்கேலாது ராத்தா. இதுக்கும் மெஷின் பூட்டிட்டாங்க. அங்கயிருந்து திறக்கும், அங்கயிருந்து பூட்டும். நான் சும்மா ஸ்டியரிங் பிடிக்கிறவன்." அவன் மபாஸாவின் முகத்தைப் பார்க்கவில்லை. "மிச்சத்தைத் திருப்பிக் கொண்டுபோகோணும்."

மபாஸா தலையாட்டினாள். வெறும் கேனோடு திரும்பினாள். அவள் ஒரு சொல் கூடச் சொல்லாமல் திரும்பியதுதான் மர்ளியாவால் தாங்க முடியாமல் போனது.

"மபாஸா, நில்லு."

மபாஸா நின்றாள். எல்லோரும் நின்றார்கள்.

"மெஷின் பிழை காட்டல்ல. விழாவண்டைக்கு இதுக்குள்ள நான் நல்ல தண்ணி ஊத்தினன். உன்னட்ட வாங்கின கேனையும் ஊத்தினன். அந்த ஆள் குடிச்சுப்போட்டு முகத்தைச் சுளிச்சுடுவார் எண்டு. அதாலதான் பவுசர் நிண்டது."

சிபானா கேனைக் கீழே வைத்தாள்.

"ஷர்பத்துக்கு எண்டு சொன்னீங்களே ராத்தா," என்றாள் மபாஸா.

"ஓம்."

"அண்டைக்கு எங்கட மனிசனுக்கு ஒரு மிடறு எடுத்து வைக்காம முழுசாத் தந்தன்."

"தெரியும்."

மர்ளியா கேபிளைப் பிடித்து இழுத்தாள். கருவி சொட்டச் சொட்ட மேலே வந்தது. அதை முருங்கைக் கொப்பில் கொளுவினாள். மபாஸாவின் கையிலிருந்து கேனை வாங்கிப் பரலுக்குள் அமிழ்த்தினாள். கேன் குடுகுடுத்து நிரம்பியது.

பவுசரில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. அதற்குள் எங்கோ ஓர் அடைப்பு திறக்கும் சத்தம். குழாயிலிருந்து தண்ணீர் பாய்ந்து றஸ்மியின் இடுப்புச் சாரத்தை நனைத்தது. அவன் தொலைபேசியைப் பார்த்தான்.

"கிணறு முழுசா வத்திட்டாம். அவசரமா ஊத்தட்டாம்."

சிபானாவுக்குத்தான் முதலில் விளங்கியது. "அடியே, என்ன பாத்துக்கொண்டு நிக்கிறீங்க? கிணத்த இறைங்கடி!"

பரல் நிரம்பும், கருவியை உள்ளே விடுவார்கள், தண்ணீர் நிற்கும். கேன்கள் அள்ளும், கருவி முருங்கையில் ஏறும், தண்ணீர் வரும். பவுசர் காலியாகும்வரை ஏழாம் கணு வற்றி வற்றி ஊறியது. பெண்கள் சிரித்தார்கள். றஸ்மி நனைந்த சாரத்தோடு சிரித்தான். மர்ளியா சிரிக்கவில்லை. மபாஸா தன் கேனைத் தூக்கிக்கொண்டு முதலிலேயே போய்விட்டாள். வழக்கமாக வரும் வேலிக் கடவால் போகவில்லை. தெருவைச் சுற்றிப் போனாள்.

பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு ஊரில் எல்லாருடைய தொலைபேசிக்கும் குறுஞ்செய்தி வந்தது. ஏழாம் கணுவின் நீர்ப்படுக்கை இன்று பலமுறை முற்றாக வற்றி, உடனடியாக மீண்டும் ஊறியுள்ளது. உலகில் இதுபோன்ற மீளூற்று பதிவாகியிருப்பதாக அதிகாரசபை அறியவில்லை. இதனை ஆராய வெளிநாட்டு நிபுணர் குழு வருகிறது. குழுவினரும் நீரைச் சுவைப்பர்.

பின்னாலேயே பரமநாதன் மர்ளியாவை அழைத்தார். மகிழ்ச்சியில் அவருக்கு மூச்சு வாங்கியது. "அம்மா, எதையும் மாற்றிவிடாதீர்கள். அப்படியே வைத்திருங்கள்."

வெயில் தணிந்ததும் மர்ளியா புறப்பட்டாள். வேலிக் கடவடிக்குப் போனாள். நின்றாள். திரும்பி, தன் வாசலால் தெருவுக்கு வந்து, மபாஸாவின் படலையைத் திறந்து, முன்வாசலில் ஸலாம் சொன்னாள்.

முஹ்ஸின் கதிரையில் இருந்தார். வீங்கிய கால்களை ஒரு பலகையில் நீட்டியிருந்தார். ஸலாத்துக்குப் பதில் சொன்னார். எதிர்க் கதிரையைக் காட்டினார்.

"முஹ்ஸின் நானா, நான் ஒண்டு சொல்லோணும்."

"மபாஸா சொன்னா. இருங்க." உள்ளே திரும்பினார். "புள்ள, தண்ணி கொண்டா."

மபாஸா ஒரு தட்டத்தில் இரண்டு கிளாஸ் கொண்டுவந்தாள். பகலில் பரலில் அள்ளிய கேன் தண்ணீர். ஒன்றை மர்ளியாவின் முன்னால் வைத்தாள், மற்றதை முஹ்ஸினின் முன்னால் வைத்தாள். கதவடியில் போய் நின்றாள்.

"எனக்கு எதுக்கு நானா இது? நீங்க குடிங்க. நான் என்ன விருந்தாளியா, பக்கத்து வீடு."

"கடவால வந்திருந்தா பக்கத்து வீடு," என்றார் முஹ்ஸின். கோபமில்லாமல்தான் சொன்னார். "வாசலால வந்திருக்கிறீங்க. எடுங்க."

மர்ளியா கிளாஸை எடுத்தாள். முஹ்ஸினின் உதடு காய்ந்து வெடித்திருந்தது. அவருடைய கை கிளாஸுக்குப் பக்கத்தில் இருந்தது, ஆனால் அதைத் தொடவில்லை. வந்தவர் குடித்து முடிக்குமுன் வீட்டுக்காரர் வாய் வைப்பதில்லை.

அவள் குடித்தாள். எவ்வளவு அவசரப்பட்டும் தொண்டை சிறிது சிறிதாகத்தான் இறக்கியது. அவர் காத்திருந்தார்.